கூட்ட அறைச் சுவரும் அதன் எதிரே அமர்ந்தவரும்

எங்கள் அலுவலகக் கூட்ட அறையில் இரண்டு ஆண்டுகளாக மாட்டியிருந்த ஒரு நிர்வாண ஓவியம் சென்ற மாதம் அகற்றப்பட்டது. அதை ஆபாசம் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. முதிர்ந்த உடலொன்றை அதன் சுருக்கங்களோடும் தழும்புகளோடும் கூசாமல் வரைந்திருந்தது, தேர்ந்த கை. ஆனால் வாரக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் சக ஊழியர் ஒருவர் முந்தி வந்து, ஓவியத்துக்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து அமர்வதைப் பல மாதங்கள் கவனித்திருந்தும், ஏன் என்று நான் கேட்கவில்லை. அது இப்போது என்னை உறுத்துகிறது.

இத்தகைய விவாதங்களில் கலையா, ஆபாசமா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. பணியிடத்தைப் பொறுத்தவரை அதற்கு முன் கேட்க வேண்டியது, அந்தச் சுவரைப் பார்க்காமல் இருக்க யாருக்கு முடியும் என்பதே. கலைக்கூடத்துக்குப் போகிறவர் விரும்பிப் போகிறார். பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார். சம்பளத்துக்காக நாள் முழுவதும் ஓர் அறையில் இருந்தாக வேண்டியவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

அமெரிக்காவின் ஜாக்சன்வில் கப்பல் தளத்தில் வெல்டராக வேலை பார்த்த லோயிஸ் ராபின்சன் என்ற பெண் தொடுத்த வழக்கில் 1991இல் வந்த தீர்ப்பை இங்கே நினைக்கிறேன். 1986இல் அங்கிருந்த தேர்ச்சி பெற்ற தொழிலாளர்களில் ஆண்கள் 846 பேர், பெண்கள் 6 பேர். வேலைத்தளமெங்கும் பெண்களின் நிர்வாணப் படங்களும் காலண்டர்களும் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றைக் கலை என்று யாரும் வாதிட முடியாதுதான். ஆனால் அரசியல் அறிவிப்புகளை ஒட்ட அனுமதி மறுத்த அதே நிர்வாகம், அந்தக் காலண்டர்களை மட்டும் அனுமதித்திருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எது தொங்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒருவர் தீர்மானித்துக்கொண்டிருந்த சுவர் அது. அந்தச் சூழலே பாலியல் துன்புறுத்தல் என்று நீதிமன்றம் ஏற்றது.

இதனால் சங்கடப்படுத்தும் எதையும் மாட்டக் கூடாது என்பவர்களோடு நான் சேர்ந்துவிடவில்லை. 1933இல் நியூயார்க்கில் பெருமுதலாளிக் குடும்பம் ஒன்று கட்டிய ராக்பெல்லர் மையத்தில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா வரைந்த சுவரோவியத்தில் லெனின் முகம் இருந்ததற்காக வேலை நிறுத்தப்பட்டது. பேசிய கூலி முழுவதையும் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, 1934 பிப்ரவரியில் ஓவியத்தை உடைத்தெறிந்தார்கள். 2003 பிப்ரவரியில், ஈராக் குறித்து அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் பேசவிருந்த நாட்களில், ஐ.நா. பாதுகாப்பு அவையின் வாசலருகே இருந்த பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியத்தைத் துணியில் நெய்த பிரதி நீலத் துணியால் மூடப்பட்டது. தொலைக்காட்சிக் காமிராக்களுக்கு ஏற்ற பின்னணி வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். குண்டுவீச்சில் அழிந்த ஊரின் ஓலம், போரைப் பற்றிப் பேச வந்தவர்களுக்குப் பின்னால் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அதிகாரத்தில் இருப்பவரின் கூச்சத்தையும், எழுந்து போக முடியாத ஊழியரின் கூச்சத்தையும் ஒரே தராசில் வைக்க என்னால் இயலாது.

எங்கள் ஓவியத்துக்கு வருகிறேன். மாட்டியபோது யாரையும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆணி மட்டும் இருந்தது. ஓவியரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த விளக்கமும் இல்லாததால் பழி முழுவதும் அந்தச் சக ஊழியர் மேல் விழுந்தது. கலை தெரியாதவர் என்றும், சுதந்திரத்துக்கு எதிரி என்றும் அவர் காதுபடவே பேசினார்கள். அவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்பதைக் கடந்த வாரம்தான், தாமதமாக, அவரிடமே கேட்டு அறிந்தேன். ஓவியம் வேறு அறையில் இருந்திருந்தால் தமக்கு எந்த வருத்தமும் இல்லை என்றார்.

ஓவியத்தை நூலக அறையில், விரும்புகிறவர் போய்ப் பார்க்கும் இடத்தில் மாட்டலாம் என்றும், அதற்கு முன் ஊழியர் அனைவரையும் அழைத்து, நடந்ததை வெளிப்படையாகச் சொல்லி அவர்மேல் விழுந்த பழியை நீக்க வேண்டும் என்றும் நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். என் கடிதத்தில் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார்.