அம்மாவோட மூணு பேரு

எங்கம்மாவோட ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு அலைஞ்ச கதைய எழுதாம இருக்க முடியல, கொஞ்சம் நீளமா போகும், நேரம் இருக்குறவங்க படிங்க.

அம்மா இலங்கை மலையகத்துல தேயிலத் தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. தோட்டத்து வேலை பதியுற செக்ரோல்ல அவங்க மாரியாய், அடையாள அட்டையில (ஐசி) மாரியாயி, பிறப்பு பத்திரத்துல மாரியம்மா. அந்தந்த நேரத்துல எழுதுனவர் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதிட்டாரு. இப்ப மூணும் ஒரே ஆளுதான்னு காட்ட வேண்டியது மட்டும் அம்மா பொறுப்பு. காசு கேட்டு குடுக்குற கே போம் நிரப்பியாச்சு, ஜே.பி. (சமாதான நீதவான்) கிட்ட சத்தியக்கடதாசியும் முடிச்சாச்சு, ஒரு ஆபிஸுல (எதுன்னு சொல்லல, உங்களுக்கு ஒண்ணு ஞாபகம் வருதுல்ல, அதையே வச்சுக்கங்க) மூணும் ஒரே ஆளுதான்னு தோட்டத்துல ஒரு துண்டு, அதாவது கடுதாசி, வாங்கிட்டு வாங்கன்னாங்க, கொண்டு போனா சீல் தெளிவா இல்லையாம், தெளிவா அடிச்சு கொண்டு போனா திகதி பழசாம், மூணாவது தடவ என்னடான்னா கையில கொண்டாந்தா ஏத்துக்க மாட்டோம், தோட்டத்து ஆபிஸுல இருந்து நேரா பெக்ஸ்ல வரணும்ங்குறாங்க. பெக்ஸுங்க!

அம்மாவுக்கு தனியா போக பயம், சிங்களத்துல கேட்டா வாயே வராது, அதனால அக்காதான் கூட போகும். போற ஒவ்வொரு நாளும் அக்காவுக்கு ஒரு பேர் போகும். வெளிய இருக்குறவங்களுக்காக சொல்றேன், தோட்டத்துல ஒரு நாள் வேலை செக்ரோல்ல விழுறதத்தான் பேர்னு சொல்லுவோம். 2024 செப்டம்பர்ல நாள் சம்பளம் 1350 ரூபான்னு வர்த்தமானி போட்டாங்க, அதுக்கப்புறம் எவ்வளவு கூட்டுனாலும் பேர் விழுந்தாதான் காசு. அம்மாவோட மூணு பேர ஒண்ணாக்கப் போயி அக்காவோட மூணு பேர் போச்சு.

இந்த காலத்துலயும் ஏன் இப்படின்னு கேட்டா சோம்பேறிப் பயலுகன்னு சொல்லிட்டு போறது லேசு. நானும் கொழும்புல ஒரு கம்பனியில கணக்கு வேலைதான் பாக்குறேன், மேசைக்கு அந்தப்பக்கம் இருக்குறவரோட பயம் எனக்கும் கொஞ்சம் தெரியும். ஈமெயில்ல வந்த கொப்பிய நம்பி காசு விட்டு, அது பொய்னு ஆயி நாளைக்கு ஆடிட் வந்தா அவர் தலைதான் உருளும். ஒரு பொம்பளைய நாலு தடவ அலைய வச்சதுக்கு எந்த ஆடிட்டும் வராது. அந்த அலைச்சல் அவரோட எந்த புத்தகத்துலயும் செலவா விழல, எங்கக்கா செக்ரோல்லதான் விழுந்திருக்கு. அப்புறம் அவரு எதுக்கு மாறணும்?

சட்டம் இல்லன்னும் சொல்ல முடியாது. இலத்திரனியல் ஆவணமும் கையெழுத்தும் செல்லும்னு 2006லயே 19ஆம் இலக்க சட்டம் வந்திருச்சு. ஆனா மூலப்பிரதி வேணும்னு எப்பவோ வந்த பழைய சுற்றறிக்கைய யாரும் தூக்கி வீசல, அதுக்கு மேலயே புதுசையும் அடுக்கி வச்சிருக்காங்க, அதனாலதான் அந்த ஆபிஸுல ஒரு தங்கச்சி அம்மாவோட விபரத்த கம்பியூட்டர்லயும் தட்டுச்சு, பெரிய பதிவுப் புத்தகத்துலயும் எழுதுச்சு. ஜப்பான்லயே இதே கூத்துதான். 2022ல கோனோ தாரோங்குற டிஜிட்டல் அமைச்சர் ப்ளொப்பி டிஸ்க் மேல போர்னு அறிவிச்சாரு, 2024 நடுவுல அது முடியுறதுக்குள்ள ஆயிரத்துக்கு மேல, கணக்கா சொன்னா 1034 விதிகள மாத்த வேண்டி வந்துச்சு. டிஸ்க் செத்து எவ்வளவு காலம், அது வேணும்னு எழுதுன வசனம் மட்டும் சாகல.

வசனம் என்னா பண்ணும்னு நம்மள விட யாருக்கு தெரியும். 1987 பிரதேச சபை சட்டத்துல 33வது பிரிவு, அத காட்டித்தான் தோட்டத்துக்கு ரோடு போட சபை காசு எடுக்க முடியாதுன்னாங்க. நம்ம ஓட்டுல ஜெயிச்ச மெம்பருக்கே அந்த கதை. திருத்துனது 2018ல, 31 வருஷம் கழிச்சு. துண்டு கதை இன்னும் பழசு, ஆளு சேத்துக் கூட்டியாந்த கங்காணியோட கடன கட்டுனா அவனையும் ஆளுகளையும் விடுறேன்னு அந்தக்கால தோட்டத்து தொரை எழுதிக் குடுக்குற கடுதாசி அது. அந்த முறைய 1921ல சட்டம் போட்டு ஒழிச்சாங்க. அந்த சொல்லு மட்டும் இன்னும் நம்ம வாயில இருக்கு, இப்ப பேர சரி பண்ணவும் துண்டுதான்.

பழசெல்லாம் கெட்டதுன்னு நான் சொல்ல வரல. நானுஓயா ட்ரைன்ல போறவங்க பாத்திருப்பீங்க, ஸ்டேஷன்ல வளையத்துல மாட்டி டெப்லட்னு ஒரு உலோகத் தட்டு குடுப்பாங்க, அது கையில இல்லாம ட்ரைன் அடுத்த ஸ்டேஷனுக்கு கிளம்பாது, ஒத்த லைன்ல எதிரும் புதிருமா ரெண்டு ட்ரைன் வராம இருக்குறது அதாலதான். டயர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1870கள்ல கண்டுபிடிச்சது. ஆனா அங்க தப்பு நடந்தா ட்ரைவரோட உயிரும் சேந்துதான் போகும். எங்கம்மா பைல் தப்பான எடத்துக்கு போனா யாருக்கு என்னா போகுது?

இன்னொண்ணையும் ஒத்துக்கணும். நம்மாளுகளுக்கே கடுதாசி மேல ஒரு பைத்தியம், அம்மா பழைய பில் துண்டக் கூட வீச விடமாட்டாங்க. சும்மா வந்ததில்ல அது. 1948ல நம்ம மலையக ஆளுகளோட பிரஜாவுரிமைய பறிச்சிட்டு, 1949 சட்டத்துல கல்யாணம் கட்டுனவங்க 7 வருஷம், கட்டாதவங்க 10 வருஷம் தொடர்ந்து இங்க இருந்தத காட்டச் சொன்னா லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்குறவன் எந்த கடுதாசிய காட்டுவான்? எங்க தாத்தாவால காட்ட முடியல. அதனால போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன்மான்னு சொன்னா அம்மாவுக்கு நம்பிக்கை வராது, போன் உடஞ்சா என்னடா பண்ணுவன்னு கேப்பாங்க.

சரி, பெக்ஸ் கதைக்கு வாரேன். நாலாவது தடவ நானே லீவு போட்டுட்டு போனேன். தோட்டத்து ஆபிஸ் பெக்ஸ் மெஷின் ரெண்டு வருஷமா வேலை செய்யலையாம். கிளாக்கர் ஐயா நல்ல மனுஷன், துண்ட போட்டோ எடுத்து டவுன்ல இருக்குற கொமினிகேஷனுக்கு (போன், பெக்ஸ், பிரிண்ட் எடுக்குற கடை) வாட்ஸ்அப்ல அனுப்புனாரு, கடைக்கார தம்பி அத பிரிண்ட் எடுத்து, ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்குற ஆபிஸுக்கு இங்கிருந்தே பெக்ஸ் அடிச்சாரு. நடந்து போனா ரெண்டு நிமிஷம். நாங்க ரோட்ட தாண்டி உள்ள போகையில அது மெஷின்ல இருந்து வந்துக்கிட்டு இருந்துச்சு, சீல் இருந்த எடத்துல கரிக்கட்டிய தேச்ச மாதிரி ஒரு வட்டம், மொத தடவ தெளிவா இல்லன்னு திருப்பி அனுப்புனாங்களே அது இதுக்கு எவ்வளவோ மேல. அந்த ஐயா எடுத்து பாத்தாரு, பைல்ல குத்துனாரு, சரி போங்கன்னாரு.

வெளிய வந்ததும் அம்மா என்னைய மறுபடி கொமினிகேஷனுக்கு அனுப்புனாங்க, பெக்ஸ் போனதுக்கு அந்த மெஷின் ஒரு துண்டு குடுக்கும்ல, அத வாங்கிட்டு வரச்சொல்லி.