கேட்டுவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வந்து சொல்ல வேண்டும்

எங்கள் அடுக்குமாடியில் ஆய்வுக்குக் கேள்வி கேட்கக் கையில் ஃபைலோடு யார் வந்தாலும் ஆட்கள் உள்ளே போய்விடுகிறார்கள். "நம்ம மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வருத்தப்பட்டார். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கோலாலம்பூரில் பிபிஆர் எனப்படும் அரசின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் ஆய்வுக்குச் சுலபமாகக் கிடைப்பவர்கள். வறுமை, கடன், மது, பிள்ளைகளின் சாப்பாடு, எதை ஆராய்வதென்றாலும் இங்கேதான் வருகிறார்கள். லிஃப்டில் ஏறி இறங்கினால் வேலை முடிந்துவிடும்.

கீழ்வீட்டு அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு நோய். கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருந்தாலும் கேள்வித்தாள், வீட்டுக்கு வந்தாலும் கேள்வித்தாள். கடைசியாக ஒரு பெண் வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மலாயில் இருந்த கேள்விகளை அந்தப் பெண் திக்கித் திணறித் தமிழில் சொன்னார். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். முதல் பக்கத்துக்கு அக்கா யோசித்து யோசித்துச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில், அடுப்பில் குழம்பு கொதிக்க, "எல்லாத்துக்கும் மூணு போட்டுக்கோம்மா" என்றார். இப்படி விழுந்த மூன்றுகளும் சேர்ந்துதான் நாளைக்கு 'இந்தியர்களின் கருத்து' என்று அட்டவணையில் ஏறும். அதை நம்பித் திட்டம் போட்டால் யாருக்கு நஷ்டம்?

ஆய்வு வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். இங்குள்ள மலிவு விலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்பது 2018-இல் வந்த யுனிசெஃப் ஆய்வால்தான் வெளியே தெரிந்தது. 2019 தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4. எவ்வளவு பெரிய செய்தி! விரலைக் குத்தி ரத்தம் கொடுத்த எத்தனை வீடுகளுக்கு இது போய்ச் சேர்ந்தது?

நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். சொன்னது என்ன ஆனது என்றே தெரியாமல் போவதுதான் ஆளைச் சலிக்க வைக்கிறது. மருத்துவ ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று உலக மருத்துவச் சங்கம் வகுத்த, 1964-இல் பிறந்து பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனமே, மருத்துவ ஆய்வில் கலந்துகொண்டவர்கள் முடிவைத் தெரிந்துகொள்ள வழி செய்ய வேண்டும் என்கிறது. கையெழுத்து வாங்கும்போது இருக்கிற அக்கறை அதற்கப்புறமும் இருக்க வேண்டாமா?

அடுத்து வரப்போகும் தம்பி தங்கைகளே, இதே பிளாக்கில் ஏற்கெனவே யார் என்ன கேட்டார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஆய்வு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே மண்டபத்தில் அரை மணி நேரம் தமிழில் சொல்லுங்கள். ஆட்களைக் கூட்டிவருவது என் பொறுப்பு.