2500 என்பது விலை அன்று

(திருகோணமலை நகரில் மீன்பிடிச் சாமான்கள் விற்கும் ஒரு கடை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வீட்டுக்கு வாங்கிய ஒரு கிலோ சீனிப் பொதியுடன் உள்ளே நுழைகிறார். கடைக்காரர் அவரிடம் படித்தவர். பேச்சுவழக்கில் வாய் திறந்தால் காது திருகப்படும் என்ற அச்சம் நாற்பது வயது தாண்டியும் அவரை விட்டுப் போகவில்லை.)

ஆசிரியர்: தம்பி, குளத்து மீன் பிடிப்பதற்கு ஏற்ற, தூண்டில் நூல் சுற்றும் றீல் ஒன்று வேண்டும்.

கடைக்காரர்: உலகம் புகழும் இயற்கைத் துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு குளத்தைத் தேடுகிறீர்களே, ஐயா?

ஆசிரியர்: கடற்கரையில் நான் தூண்டிலோடு நின்றால், வழியால் போகிற ஒவ்வொருவரும் நின்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள், அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்துத் தேறாதவர்கள். கந்தளாய்க் குளம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. விராலுக்கும் திலாப்பியாவுக்கும் என்னைத் தெரியாது.

கடைக்காரர்: திலாப்பியாவுக்கு என்றால் இந்தச் சிறிய றீல் போதும். இது 2500.

ஆசிரியர்: 2500 ரூபாவா? இரண்டாகக் கொடு.

கடைக்காரர்: அது விலை அல்ல, ஐயா.

ஆசிரியர்: ஒருமைக்கு ‘அன்று’.

கடைக்காரர்: அது விலை அன்று, ஐயா, றீலின் அளவைக் காட்டும் எண். விலையைக் கேட்பதற்கு முன் இந்தக் கதிரையில் அமர்ந்துகொள்ளுங்கள்.

ஆசிரியர்: (விலையைக் கேட்டு, அமர்ந்தபடியே) அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பாக, அழகாக ஒன்று இருக்கிறதே, அது என்ன?

கடைக்காரர்: அது பெயிற்காஸ்ரர். அதில் நூல் சுற்றிய உருளையே சுழன்று நூலை விடும். முன்னே பறக்கும் தூண்டில் வேகம் குறைந்த பிறகும் உருளை தன் வேகத்திலேயே சுழன்றால், தேர் நின்றது தெரியாமல் பின்னால் வருகிறவர்கள் தள்ளுவதைப்போல நூல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குருவிக்கூடு கட்டிவிடும். பெருவிரலால் உருளையைத் தடவித் தடவி அடக்கப் பழகவேண்டும். உங்கள் கையில் இருக்கும் இந்த ஸ்பின்னிங் றீலிலோ, எறியும்போது உருளை அசையாமல் நிற்க, நூல் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாகக் கழன்று போகும்.

ஆசிரியர்: நின்ற இடத்தில் நின்றபடி பிறரை ஓடவிடுவதா? அது எனக்குப் பழகிய தொழில், இதையே கொடு. இந்த 5.2:1 என்பது யாருடைய புள்ளி?

கடைக்காரர்: கைப்பிடியை ஒரு முறை சுற்றினால், நூலைச் சுற்றும் தலை 5.2 முறை சுற்றும்.

ஆசிரியர்: நல்லது. தங்கூசி நூலை உருளையின் விளிம்பு நிறையச் சுற்று; பணம் முழுதாகத்தானே கொடுக்கிறேன்?

கடைக்காரர்: விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் குறைவாக நிறுத்தவேண்டும், ஐயா. நிரம்பி வழிந்தால் கொத்தாகக் கழன்று சிக்கும். மிகவும் குறைந்தால் விளிம்பில் உராய்ந்து தூரம் போகாது. கொப்பியில் ஓரம் விடாமல் எழுதியதற்காக என்னை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தியவர் நீங்கள்.

ஆசிரியர்: (சற்று மௌனமாக இருந்து) சரி, ஓரம் விடு. இந்தத் திருகு எதற்கு?

கடைக்காரர்: அதுதான் டிறாக். பெரிய மீன் இழுத்தால், நூல் அறுவதற்கு முன் உருளை வழுக்கி நூலை விட்டுக்கொடுக்கும். நூல் தாங்கும் எடையில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இதை வைக்கவேண்டும். இது 8 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 3.6 கிலோ, தாங்கும் நூல்; ஆகவே ஒரு கிலோ அளவில் வைத்தால் சரி. உங்கள் சீனிப் பொதியைத் தாருங்கள். இதோ, நூலில் கட்டித் தொங்கவிட்டு, பொதி மெல்ல, மிக மெல்ல இறங்கும் வரை திருகுகிறேன். இனிக் கைவைக்காதீர்கள்.

(இருவரும் கடைக்கு முன்னாலுள்ள வெறுங்காணிக்கு வருகிறார்கள். சீனிப் பொதி படிக்கட்டில் வைக்கப்படுகிறது. முள்ளுக்குப் பதிலாக நூலின் நுனியில் ஓர் இரும்பு நட்டுக் கட்டப்படுகிறது.)

கடைக்காரர்: நூலைச் சுட்டுவிரலில் பிடித்துக்கொண்டு, நூலை உருளைக்கு வழிநடத்தும் இந்த வளைகம்பியைத் திறந்து, கம்பை முன்னே வீசும்போது விரலை விடுங்கள். முந்தி விட்டால் வானத்துக்குப் போகும். பிந்தி விட்டால் காலடியில் விழும்.

(ஆசிரியர் வீசுகிறார். நட்டு அவருடைய செருப்பின்மேல் விழுகிறது.)

கடைக்காரர்: பிந்திவிட்டீர்கள்.

ஆசிரியர்: பெருவிரலில் பட்டபோதே விளங்கிவிட்டது. (மீண்டும் வீசுகிறார். நட்டு உயர எழுந்து வேலிக்கு அப்பால் மறைகிறது.) பார்த்தாயா தூரத்தை!

கடைக்காரர்: வளைகம்பியைக் கையால் மூடுங்கள், ஐயா. கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த நூல் உருளையில் கண்ணி விழுந்து, அடுத்த வீச்சில் சிக்கும்.

ஆசிரியர்: மூடிவிட்டேன். தம்பி, கனக்கிறது! இழுக்கிறது! நூல் கிறீச்சிட்டு ஓடுகிறது! கரையிலேயே விரால் மாட்டிவிட்டதா?

கடைக்காரர்: விரால் அன்று, ஐயா. மான்.

(கோட்டைப் பக்கமிருந்து உலா வந்த புள்ளிமான் ஒன்று, கொம்பில் நூல் கொளுவியபடி நிதானமாக நடந்து போகிறது.)

ஆசிரியர்: இதோ சுற்றி இழுத்துவிடுகிறேன்!

கடைக்காரர்: சுற்றாதீர்கள்! நூல் வெளியே ஓடும்போது கைப்பிடியைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு நூலில் ஏறும். நாளைக்கு அது தன்னைத்தானே பின்னிக்கொள்ளும். ஓடவிடுங்கள். நின்றதும் கம்பை உயர்த்துங்கள்; தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

ஆசிரியர்: (உயர்த்தியும் தாழ்த்தியும்) வருகிறது, வருகிறது. தலையை உதறுகிறது. ஐயோ, கழன்றுவிட்டது!

கடைக்காரர்: நூலும் நட்டும் நமக்கு மிச்சம். ஆனால், ஐயா, மான் போகவில்லை. படிக்கட்டில் வைத்த சீனிப் பொதியைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

ஆசிரியர்: வீட்டில் தேநீருக்குச் சீனி இல்லை என்றுதானே என்னை அனுப்பினார்கள்! தம்பி, பற்றுச்சீட்டில் றீல் என்று எழுதாதே. சீனி என்று எழுது.

கடைக்காரர்: இந்த விலைக்கு ஒரு மூட்டை சீனி வருமே, ஐயா.

ஆசிரியர்: மூட்டை என்றே எழுது. மான் தின்றுவிட்டது என்பதற்கு நீ சாட்சி.