சாட்ஸ்வொர்த்தைக் கட்டியது யார்?

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் என்றதும் காந்தி, தில்லையாடி வள்ளியம்மை என்று பேசிவிட்டு நாம் 1914-லேயே நின்றுவிடுகிறோம். அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர்கள் டர்பன் நகரத்தின் இந்தியக் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் போனவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகள். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறியும் வாழையும் போட்டுப் பிழைத்தார்கள். மாநகராட்சித் தொழிலாளர்கள் நகரத்தை ஒட்டிய மேகஸின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்தார்கள். அங்கே பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும்தான். வீடுகள் மோசம், நெரிசல் அதிகம். ஆனால் வேலைக்கு நடந்தே போகலாம், சொந்தபந்தம் பக்கத்திலேயே இருக்கும்.

ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்று 1950-இல் நிறவெறி அரசு கொண்டுவந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இதையெல்லாம் கலைத்தது. 1960-களில் குடும்பம் குடும்பமாகச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அந்த நிலத்திலும் ஏற்கெனவே இந்திய விவசாயிகள் இருந்தார்கள். அவர்களிடமிருந்து எடுத்துத்தான் டவுன்ஷிப் எழுந்தது. ஒரு பக்கம் கறுப்பின மக்களின் உம்லாசி குடியிருப்பு, இன்னொரு பக்கம் வெள்ளையர் பகுதிகள், நடுவில் தடுப்புச் சுவர்போல இந்தியர்கள். பகுதிகளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, யூனிட் 1, யூனிட் 2 என்று எண்கள்தான். சின்ன வீடுகளில் கூட்டுக் குடும்பத்துக்கு இடமில்லை. அண்ணன் ஒரு யூனிட், தம்பி இன்னொரு யூனிட். வேலைக்குப் போக பஸ் கட்டணம் வேறு.

"செங்கல் வீடும் குழாய்த் தண்ணீரும் கிடைத்ததே, நல்லதுதானே?" என்ற வாதத்தை என்னால் ஏற்கவே முடியாது. வீடு தருவதற்கு யாரையும் பிடுங்கி எறிய வேண்டிய அவசியமில்லை. காலி செய்த கேட்டோ மேனரின் பெரும்பகுதி பல வருடம் வெறும் புதராகக் கிடந்தது. இடிக்காமல் விட்ட கோயில்களுக்குக் காவடி எடுக்க மக்கள் திரும்பத் திரும்ப அங்கே போனார்கள்.

சாட்ஸ்வொர்த்தில் இன்று நாம் பார்க்கும் சமூக வாழ்க்கை அரசின் வரைபடத்தில் இருந்ததல்ல. கோயில்கள், தமிழ் வகுப்புகள், கால்பந்துக் குழுக்கள், வார இறுதியில் காய்கறி குவியும் பங்களாதேஷ் மார்க்கெட், எல்லாம் மக்கள் தாங்களாக உண்டாக்கிக்கொண்டவை. ஆனால் இதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அங்குள்ள அடுக்குமாடி வீடுகளின் வறுமையைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

1999 தேர்தலின்போது ஆளும் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கு ஆதரவு திரட்டப் போன நிறவெறி எதிர்ப்புப் போராளி ஃபாத்திமா மீர் அந்த வறுமையைக் கண்டு, வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்படுகிறவர்கள் பக்கம் நின்றார். நிறவெறி ஆட்சி போன பிறகும் அதே மக்கள் மறுபடி வீட்டை இழக்கும் நிலை! இந்த முறை இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் வாசலில் சேர்ந்தே நின்று தடுத்தார்கள். 2000-இல் தண்ணீர் துண்டிக்கப்பட்ட ஓர் ஆப்பிரிக்கத் தாயின் வழக்கு நீதிமன்றத்துக்கும் போய்த் தோற்றது. பிரித்து வைக்கக் கட்டிய அதே ஊரில் அவர்கள் சேர்ந்து நின்ற இந்தக் கதை, வள்ளியம்மையின் கதைக்குப் பக்கத்திலேயே நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை.