97 பெட்டி திறந்தாச்சு, இன்னும் மூணுதானா?

சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா குடும்பம் உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தது. செல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து வைகை ஆறு நடக்கிற தூரம்தான். எதிர்சேவை பார்த்துவிட்டு வந்தவர்கள் யாரும் படுக்கவில்லை. அழகர் என்ன கலர் பட்டு கட்டி இறங்குவார் என்று ஒரு பக்கம் பேச்சு. மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஒரு பக்கம் தாயம். அக்கா மகன் மட்டும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக போனில் ஒரு ஆட்டத்தோடு உட்கார்ந்திருந்தான். அதில் காசு கட்டிப் பெட்டி திறக்க வேண்டும், உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். பத்தாவது பரீட்சை எழுதி முடித்தவன்.

“மாமா, ஒரு வாள் இருக்கு. ஒரு பெட்டிக்கு 1 சதவீதம் வாய்ப்பு. 97 பெட்டி தொறந்துட்டேன். இன்னும் மூணு தொறந்தா வந்துரும். ஒரு நூறு ரூபா ஜிபே பண்ணுங்களேன்.”

திருவிழாவுக்கு ஆளாளுக்குக் கொடுத்த காசு 600 ரூபாய் அதற்குள் போயிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, மனசு கஷ்டமாக இருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு இருக்கிறது. நாணயம் சுண்டுகிறார்கள், பகடை உருட்டுகிறார்கள், பிள்ளைகள் மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். சொந்தக் காசு போகிற இடத்துக்கு மட்டும் அந்தப் பாடம் வந்து சேரவில்லை.

அவனைத் தாயக் கட்டத்துக்குப் பக்கத்தில் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அம்மா பித்தளைக் கட்டை இரண்டையும் உள்ளங்கையில் வைத்து உரசிக்கொண்டிருந்தார். எத்தனையோ சுற்று போயும் அவருக்குத் தாயம் விழவில்லை, ஒரு காய்கூட இறங்கவில்லை. “இந்தத் தடவை விழுந்துதான் ஆகணும் அம்மாச்சி” என்றான் இவன். “கட்டைக்கு என்னய்யா தெரியும், முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு?” என்று கேட்டுக்கொண்டே அம்மா உருட்டினார். மூன்று விழுந்தது.

ஒவ்வொரு கட்டைக்கும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் சேர்த்தால் 16 விதமாக விழலாம். ஒரு கட்டையில் ஒன்று, இன்னொன்றில் வெறுமை விழுந்தால் தாயம். அது இரண்டு விதம். அதாவது எட்டில் ஒன்று. அப்படியானால் எட்டுத் தடவை உருட்டினால் தாயம் உறுதியா? ஒரு தடவை விழாமல் போக 7/8. எட்டுத் தடவையும் விழாமல் போக அதை எட்டு முறை பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 34 சதவீதம் வருகிறது. மூன்றில் ஒருவர் எட்டு உருட்டலுக்குப் பிறகும் காய் இறக்காமல்தான் இருப்பார்.

பெட்டிக் கதையும் இதேதான். 100 பேர் ஆளுக்கு 100 பெட்டி திறந்தால் சுமார் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 90 சதவீதம் நம்பிக்கை வேண்டுமென்றால் 230 பெட்டி, 99 சதவீதத்துக்கு 459. அவன் கேட்ட மூன்று பெட்டியில் வாள் வர வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. முன்னே திறந்த 97 அதில் ஒரு துளிகூடச் சேராது. (சில ஆட்டங்களில் உத்தரவாதம் உண்டு. ஜென்ஷின் இம்பாக்ட் என்ற ஆட்டத்தில் உயர்தரப் பரிசுக்கு 0.6 சதவீதம் என்று போட்டு, 90-வது இழுப்புக்குள் (பெட்டி திறப்பது போலத்தான்) ஒன்று கட்டாயம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கே முன்னே இழுத்ததும் கணக்கில் சேரும். இவன் ஆடுவதில் அது இல்லை.)

வாள் வந்தாலும் முடியவில்லை. அதில் நாலு ஸ்டாட், அதாவது வாளின் பலத்தைக் காட்டும் எண்கள். ஐந்து தடவை மேம்படுத்தலாம், ஒவ்வொரு தடவையும் நாலில் ஏதோ ஒன்று ஏறும். இவனுக்கு ஐந்தும் அந்த நாலில் ஒன்றான கிரிட்டில் ஏற வேண்டும். நாலை ஐந்து முறை பெருக்கினால் 1024. அதில் ஒன்று. 1 சதவீத வாளோடு சேர்த்துப் பார்த்தால் 1,02,400-ல் ஒன்று. பையன் முகம் வாடிவிட்டது.

அப்புறம் ஒன்று கேட்டேன்: “அஞ்சுல மூணு கிரிட்ல ஏறுனா போதும்னா?” சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே போட்டோம். சரியாக மூன்று ஏற 90 வழி, நான்கு ஏற 15, ஐந்தும் ஏற ஒன்று. மொத்தம் 1024-ல் 106. பத்தில் ஒன்றுக்கும் சற்று மேல்! இரண்டு ஏற்றத்தை விட்டுக்கொடுத்தால் ஆயிரத்தில் ஒன்று பத்தில் ஒன்றாகிவிடுகிறது. இதைப் பார்த்ததும் அவன் கண் விரிந்ததே, அதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். எது கிடைக்கும் எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு ஆடுவது பிள்ளைகளின் உரிமை.

ஆனால் எது எத்தனை சதவீதம் வரும் என்ற விகிதத்தை மறைத்துவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. தென்கொரியாவில் மேப்பிள்ஸ்டோரி ஆட்டத்தில் ‘க்யூப்’ என்று ஒன்றைக் காசுக்கு விற்றார்கள். ஆட்டத்தில் வைத்திருக்கும் பொருளின் கூடுதல் பலன்களைக் குலுக்கி மாற்றுவது அதன் வேலை. 2010-ல் வந்தபோது பலன்கள் சமமாக விழுந்தன. அதே ஆண்டிலேயே எல்லோரும் ஆசைப்படும் பலன்களின் வாய்ப்பைக் குறைத்தார்கள், ஆடுபவர்களிடம் சொல்லவில்லை. 2011 முதல் சில பலன்கள் ஒரு பொருளின் மூன்று பலன் வரியிலும் சேர்ந்து வரவே முடியாதபடி ஆக்கியிருந்தார்கள். 2021-ல்தான் வெளியே தெரிந்தது. பத்து வருஷம் பூஜ்யத்தைத் துரத்திக் காசு கட்டியிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் அந்த ஆட்டத்தை நடத்தும் நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. அந்த மார்ச்சிலிருந்து அங்கே விகிதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம்.

இங்கேயும் அது வேண்டும். பெட்டிக்கு மட்டும் சதவீதம் போட்டால் போதாது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் போட வேண்டும். அதுவும் காசு கட்டும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, தமிழில்.

நூறு ரூபாயை நான் அனுப்பவில்லை. நாங்கள் போட்ட 1024-ம் நாலு ஸ்டாட்டும் சமமாக ஏறும் என்று நம்பிப் போட்டதுதான், அந்த ஆட்டத்தில் எங்கேயும் அப்படி எழுதவில்லை. இதை அவனே கண்டுபிடித்துக் கேட்டான். இப்போது கையிலிருக்கும் சாதாரண ஆயுதங்களைக் காசில்லாமல் மேம்படுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறான். நேற்று போன் பண்ணினான். “60 ஆச்சு மாமா. கிரிட் 15 வரணும், 10தான் வந்துருக்கு. ஏமாத்துறாய்ங்க.” சமமாக ஏறும் ஆட்டத்திலேயே கிட்டத்தட்ட பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படி வரும், அவசரப்படாதே என்றேன். 400-ல் 67 என்று நின்றால் பேசலாம், அது தற்செயலாக வர பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. அதுவரை எழுதிக்கொண்டே வா என்று சொல்லியிருக்கிறேன்.