சிலிண்டர் தூக்குகிற கைக்கு டம்பெல்லைப் பார்த்து என்ன பயம்?

போன வாரம் அக்கா மகளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். "சித்தி, எனக்கு ஒரு எட்டு கிலோ குறையணும். கை, தொடையெல்லாம் சிக்குன்னு இருக்கணும். ஆனா வெயிட் மட்டும் தூக்கச் சொல்லிராதீங்க, பாடி வந்துரும். வேற என்ன எக்சர்சைஸ் பண்ணலாம்?"

அந்த "பாடி வந்துரும்" இருக்கிறதே, அதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! ஒரு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன். இதற்கான பதில் வாய்ஸ் மெசேஜில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். லைக் போடாவிட்டாலும் அவள் படிப்பாள், எனக்குத் தெரியும்.

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். 41 வயதில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். லேடீஸ் டைம் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு வெயிட்லாம் வேணாம் மேடம், கார்டியோ போதும்" என்றார். எனக்கும் அதுதானே வேண்டும்! ட்ரெட்மில்லில் முக்கால் மணி நேரம், சைக்கிளில் கால் மணி நேரம், அப்புறம் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக் குலுக்குகிற ஒரு மெஷின். கடைசியில் ரோஸ் கலரில் ஒரு கிலோ டம்பெல், ஐம்பது தடவை. என் கைப்பை அதைவிடக் கனம். சாப்பாடு காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, ராத்திரி ஓட்ஸ் கஞ்சி.

ஆறு மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டது, "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" கன்னம் ஒட்டிவிட்டது, கைச்சதை தொளதொளவென்று தொங்கியது, தொப்பை மட்டும் அதே இடத்தில் பத்திரமாக இருந்தது. வைகை எக்ஸ்பிரஸில் சூட்கேஸை மேலே வைக்க எதிர் சீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டி வந்தது. இளைத்தேன், சிக்கென்று ஆகவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. டோனிங் என்று தனியாக ஒரு பயிற்சியே கிடையாது. உள்ளே தசை இருக்க வேண்டும், அதை மூடியிருக்கும் கொழுப்பு குறைய வேண்டும். சிக்கென்று தெரிவது அவ்வளவுதான். சாப்பாட்டையும் குறைத்து, தசைக்கு வேலையும் கொடுக்காமல் விட்டால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைத்துவிடும். முப்பது வயதைத் தாண்டினாலே தசை மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கும். நான் காசு கொடுத்து அதை வேகப்படுத்திக்கொண்டேன்.

சரி, பாடி வந்துவிடுமா? ஆண்களுக்கு அப்படித் தசை திரள்வதில் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பெரிய பங்கு உண்டு. பெண்களின் உடம்பில் அது ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஹார்மோன் தாராளமாக இருக்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் நாலு வருடமாகத் தினம் ஆறு முட்டை சாப்பிட்டுக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறான். டி-ஷர்ட் கைக்குள் இன்னும் காற்றுதான் ஓடுகிறது. அவனுக்கே வராதது, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போகும் உனக்கு வந்துவிடும் என்று பயப்படுகிறாயே! போட்டோவில் வருகிற பெண் பாடிபில்டர்களை வைத்து முடிவு செய்யாதே. அது பல வருட முழுநேர உழைப்பு, அளந்து சாப்பிடும் சாப்பாடு, சிலருக்கு ஊசி மருந்தும் சேர்த்தி.

மீராபாய் சானுவைப் பார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் பளுதூக்குதலில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கியவர். தலைக்கு மேல் தூக்கியது 115 கிலோ. ஐந்தடிகூட இல்லாத சின்ன உருவம். தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தூக்கிய பெண் அன்று 49 கிலோவிலேயே நின்றார்.

அவ்வளவு தூரம் எதற்கு, சமையலறைக்கே வருவோம். வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்புக் கூடு பதினைந்து கிலோவுக்கு மேல். ஆகமொத்தம் கிட்டத்தட்ட முப்பது கிலோவை வாசலிலிருந்து அடுப்படி வரை உருட்டியும் நகர்த்தியும் கொண்டுபோய் மாட்டுகிறவர்கள் நாம். உன் ஆச்சி தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று எனக் குடத்தில் தண்ணீர் சுமந்தவர். கட்டட வேலையில் சித்தாள் அக்காக்கள் நாள் முழுக்கச் செங்கல்லும் கலவைச் சட்டியும் சுமக்கிறார்கள். அவர்களில் யாருக்கு ஆம்பிளைத் தோள் வந்திருக்கிறது? கைக்கு வலு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தனையும் பார்த்துவிட்டு ஐந்து கிலோ டம்பெல்லைக் கண்டு ஒதுங்குவது எனக்கு இப்போது சிரிப்பாக இருக்கிறது.

ஜிம்மை விட்டபின், மொட்டை மாடி ஷெட்டில் பத்துப் பதினைந்து பெண்களுக்குச் சொல்லித்தரும் ஒரு கோச்சிடம் போனேன். முதல் மாதம் வெறும் கம்பிதான், 20 கிலோ. முதுகு வளையாமல் இடுப்பை மடக்கித் தரையிலிருந்து எடுக்கப் பழகவே மூன்று வாரம் ஆனது. ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு நாளும் எவ்வளவு, எத்தனை தடவை என்று எழுதச் சொன்னார். ஒரு வருடத்தில் அந்தத் தரையிலிருந்து தூக்குவது (டெட்லிஃப்ட்) 60 கிலோவுக்கு வந்தது. தீபாவளிக்கு ஜாக்கெட் தைக்கப் போனபோது பழைய அளவு ஜாக்கெட்டை நீட்டினேன். டெய்லர் அக்கா அதைத் தொடவே இல்லை, டேப்பை எடுத்தார். கை சுற்றளவு அரை அங்குலம் குறைவு, இடுப்பு இரண்டு அங்குலம் குறைவு. எடை மெஷினோ ஒரு கிலோ கூடியிருப்பதாகச் சொன்னது. அன்றிலிருந்து எனக்கு டேப்தான் வேதவாக்கு.

இனி உனக்கு. வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் போதும். உட்கார்ந்து எழுவது (ஸ்குவாட்; நம்மூர் பஸ்கியும் அதேதான்), தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது (புஷ்-அப் வராவிட்டால் சுவரைத் தள்ளு, அப்புறம் கட்டில் விளிம்பு, அப்புறம் தரை), தன் பக்கம் இழுப்பது, இரண்டு கையிலும் கனத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது. இந்த ஐந்துக்குள் உடம்பின் எல்லாப் பெரிய தசைகளும் வந்துவிடும். எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. கடைசி இரண்டு தடவை முக்க வேண்டும். ஐம்பது தடவை சிரித்துக்கொண்டே செய்ய முடிகிறதென்றால் அது கனமே இல்லை. மற்ற நாட்களில் வேகமாக நட. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட நடை போன்ற உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. இரண்டாவது பாதியை யாரும் நம் காதில் போடுவதில்லை.

தொப்பைக்கு மட்டும் தனியாக க்ரஞ்சஸ் (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கி வயிற்றை மடக்குவது) போடாதே. எந்த இடத்தை ஆட்டுகிறோமோ அந்த இடத்துக் கொழுப்புதான் கரையும் என்பது உண்மையென்றால், டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையில் கொழுப்பு குறைவாக இருக்க வேண்டும். 1971இலேயே அளந்து பார்த்துவிட்டார்கள், இரண்டு கையிலும் ஒரே அளவுதான்.

கணக்குக்கு வா. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. எட்டு கிலோவுக்கு 61,600. ஆடியிலிருந்து தை வரை 180 நாள், அப்படியானால் தினம் 340 சொச்சம் குறைந்தால் போதும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சாயந்திர பஜ்ஜி, சர்க்கரை போட்ட மூன்றாவது காபி, ராத்திரி கடைசி இரண்டு தோசை, இதற்குள்ளேயே அது அடங்கும். ஆனால் புரதத்தைக் குறைக்காதே. நாலு இட்லியில் எட்டு கிராம் தேறினால் அதிகம். உன் எடைக்கு நாளுக்கு எழுபது கிராம் பக்கம் வேண்டும். முட்டை ஒன்றுக்கு ஆறு கிராம். மிச்சத்தை மீன், சுண்டல், தயிர், பனீர், பயறு என்று தேற்றிக்கொள். உன் அம்மா "கல்யாணப் பொண்ணு, ஜூஸ் மட்டும் குடி" என்பாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சேர்வதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்த்துவிடு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. நாம் சோம்பேறித்தனம் என்று நினைப்பது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும்.

இன்னொன்று, இங்கேதான் நிறையப் பேர் ஓடிவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் தொடை இறுகி, வீங்கினது மாதிரி இருக்கும். எடையும் ஒரு கிலோ ஏறும். "பார்த்தியா, பாடி வந்துருச்சு" என்று மனசு சொல்லும். அது தசை இல்லை. புது வேலைக்குப் பழகாத தசை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, தானே வடியும். ஒரு வருடம் கழித்தும் தோள் அகலமாகிவிட்டதாகத் தோன்றினால் கனத்தைக் குறைத்துக்கொள். தசை ராத்திரியோடு ராத்திரியாக வருகிற விருந்தாளி இல்லை, நிறுத்த நிறைய நேரம் இருக்கிறது.

இதையெல்லாம் நேற்று போனிலும் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டது: "சரி சித்தி, முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டுக்கு அளவு இப்பவே குடுத்துரவா?"

கொடுக்காதே. மார்கழி பிறக்கட்டும். டெய்லர் அக்காவிடம் தேதி சொல்லி வைத்திருக்கிறேன்.