124-வது மாடி வீடியோ

துபாய்க்குப் போயிட்டு வந்தவங்க யாராவது புர்ஜ் கலீஃபா வீடியோவைக் காட்டாம விட்டிருக்காங்களா? எங்க தண்டையார்பேட்டைல ஒருத்தரும் கிடையாது. 828 மீட்டராம். 163 மாடியாம். உலகத்துலயே உசரமாம். தெரியும்ப்பா! 2010-ல திறந்ததுலேருந்து இதையேதானே சொல்றீங்க? என்னமோ நீங்களே நின்னு கொத்தனார் வேலை பாத்த மாதிரி!

இப்ப எங்க மாமா. "லிஃப்ட் ஒரே நிமிஷம்தான்டா, காது அடைச்சிக்கும்"னார். அந்த ஒரு நிமிஷத்தையும் விடாம எடுத்திருக்கார். முழுக்க முன்னாடி நிக்கிற ஆளோட முதுகு. அப்புறம் 124-வது மாடி. கண்ணாடி. கண்ணாடில மாமாவோட போன். அதுக்கு அப்பால ஒரே புழுதி மூட்டம். இதைப் பாக்க மாதவரம் லாரி ஸ்டாண்டு போதாதா? சூரியன் மறையுற நேரத்துக்கு டிக்கெட் ரேட்டு ஜாஸ்தியாம், அதையும் அழுதுட்டுப் போயிருக்கார். சூரியனைத்தான் காணோம், அத்தை தலை மறைக்குது. 148-க்குப் போக இன்னும் காசு கேட்டானாம், போகலையேன்னு நம்மகிட்ட ஒரு ஒப்பாரி.

சரி, அதோட விட்டாரா? "உங்க ஊர்ல என்னடா இருக்கு, அந்த 14 மாடி எல்ஐசியா?"ன்னு நக்கல் வேற. ஏன் மாமா, ராயபுரத்துல பொறந்துட்டு அது எப்போலேருந்து "உங்க ஊரு"? 1959-ல அதைத் திறந்தப்போ மவுண்ட் ரோடே அண்ணாந்து பாத்துச்சாமே, உங்கப்பா சொல்லலியா?

அடுத்து மச்சான் போறானாம். செல்ஃபி ஸ்டிக் வாங்கிட்டான்.